போலந்தில் பிறந்திருக்க வேண்டும்

2024 ஆகஸ்ட். சேலையூரில் எங்கள் வீட்டு மாடிப் போர்ஷன் காலியாகி, பெயிண்ட் வேலை நடந்துகொண்டிருந்தது. பழைய குடித்தனக்காரர் சுவர் முழுக்க ஆணி அடித்துவிட்டுப் போயிருந்தார். பட்டி பார்த்து, தேய்த்து, பிரைமர் ஓட்டி, அதன் மேல் இரண்டு கோட்டு அடிக்க வேண்டும். மாதம் முடிவதற்குள் 'டு லெட்' பலகை வாசலில் தொங்க வேண்டும் என்பது வீட்டம்மா உத்தரவு. கீழே ஹாலில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. பிரதமர் வார்சாவில் இறங்கியிருந்தார். 45 ஆண்டுகளில் போலந்துக்குப் போன முதல் இந்தியப் பிரதமர். அங்கே ஒரு நினைவுச் சின்னத்தில் மலர்வளையம் வைத்தார். பிறகு இன்னொன்றில் வைத்தார்.

டீ குடிக்க இறங்கி வந்த பெயிண்டர் தம்பி வாசற்படியில் நின்றபடியே பார்த்தான். "யாருக்கு சார் மாலை போடுறாங்க?"

"அகதிகளுக்கு இடம் கொடுத்த ஒரு ராஜாவுக்கு."

அவன் டீயை ஊதிக்கொண்டே கேட்டான்: "எந்த ஊர் அகதிங்க?"

சொன்னேன். 1939 செப்டம்பர் 1ஆம் தேதி மேற்கிலிருந்து ஹிட்லர் போலந்துக்குள் புகுந்தான். 17ஆம் தேதி கிழக்கிலிருந்து ஸ்டாலின் புகுந்தார், அங்குள்ள உக்ரேனியர்களையும் பெலாரஷியர்களையும் பாதுகாக்க வருவதாகச் சொல்லிக்கொண்டு. போர் முடிந்தபோது அந்த நாட்டில் ஏறக்குறைய 60 லட்சம் பேர் இல்லை. அவர்களில் பாதிப் பேர் யூதர்கள். 1944ல் எழுச்சி தோற்ற பிறகு வார்சாவை வீடு வீடாகக் கொளுத்தி, வெடிவைத்துத் தகர்த்தார்கள். கிழக்கே இருந்தவர்களை ரஷ்யர்கள் லட்சக்கணக்கில் ரயிலில் அடைத்து சைபீரியாவுக்கும் கஜகஸ்தானுக்கும் கொண்டுபோனார்கள். அங்கிருந்து தப்பிய குழந்தைகளில் ஒரு பகுதி 1942ல் ஈரான் வழியாக இந்தியா வந்தது. நவாநகர் சமஸ்தானத்து ஜாம் சாகேப் திக்விஜய்சிங்ஜி அவர்களுக்கு பாலாசடியில் இடம் கொடுத்தார். கோலாப்பூர் பக்கம் வலிவடேயில் ஏறக்குறைய ஐயாயிரம் போலந்துக்காரர்கள் 1948 வரை இருந்தார்கள். பள்ளிக்கூடம், தேவாலயம், ஆஸ்பத்திரி எல்லாம் அவர்களுக்கு இருந்தன. இன்று வார்சாவில் ஜாம் சாகேப் பெயரில் ஒரு சதுக்கமே இருக்கிறது.

"நல்ல ராஜா," என்றான். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு மாடியேறினான். ஏறும்போது அவன் சொன்னது: "நாளைக்கு வரமாட்டேன் சார். செக்கிங்."

அந்தப் போலந்துப் பிள்ளைகளின் துன்பத்தில் சிரிக்க எதுவும் இல்லை. மாலை போட்டதிலும் தவறில்லை. இந்தக் குடியரசு பிறப்பதற்கு முன்பே, ஒரு சமஸ்தானத்து மன்னர் செய்த நல்ல காரியத்துக்கு எண்பது ஆண்டு கழித்து ரசீது வாங்கப் போனார்கள், வாங்கட்டும். ஆண்டுக்கு இருபது போலந்து இளைஞர்கள் இந்தியாவைப் பார்க்க அழைக்கப்படுவார்கள் என்று ஜாம் சாகேப் பெயரால் ஒரு திட்டமும் அறிவித்தார்கள். வரட்டும், தாஜ்மகாலைப் பார்க்கட்டும். தாம்பரம் பக்கம் மட்டும் யாரும் அழைத்து வந்துவிடக் கூடாது.

ஏனென்றால் தாம்பரத்தில் 'கேம்ப்' என்றால் ஒரு பஸ் ஸ்டாப். கிழக்குத் தாம்பரத்தில் ஆட்டோக்காரரிடம் "கேம்ப் போகணும்" என்றால் கேம்ப் ரோடு சந்திப்பில் இறக்கிவிடுவார். என் பெயிண்டர் தம்பி 'கேம்ப்' என்றால் அது வேறு. அது கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. அங்கே மாதம் இருமுறை ஆட்களை வரிசையில் நிறுத்தி எண்ணுவார்கள். அதற்குப் பெயர்தான் செக்கிங். வருவாய் ஆய்வாளர் பெயர் வாசிக்கும்போது ஆள் இல்லையென்றால் உதவிப் பணம் நிற்கும். போலீஸின் க்யூ பிரிவிலிருந்து வந்து எங்கே போனாய் என்று கேட்பார்கள். ஆகவே தமிழ்நாட்டின் பாதி ஊர்களுக்குச் சுண்ணாம்பும் பெயிண்டும் அடிக்கிற இந்தப் பிள்ளைகள், எந்தச் சுவர் எந்த நிலையில் இருந்தாலும் பிரஷ்ஷைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். எங்கள் மாடிச் சுவர் அன்று ஒற்றைக் கோட்டோடு நின்றது.

முதல் இரண்டு நாள் அவன் கும்மிடிப்பூண்டிக்காரன் என்றுதான் நினைத்திருந்தேன். பேச்சும் அப்படித்தான். மூன்றாம் நாள், ஏணி மேல் நின்றபோது போன் வந்தது. "ஓம் அம்மா, ஓம், சாப்பிட்டிட்டன்," என்றான். என்னைப் பார்த்ததும் குரல் மாறியது. "ஆமா சார், வீட்லேர்ந்து," என்றான். ஒரு சொல்லில் இரண்டு எழுத்து: ஓம். அதை விழுங்கிவிட்டு 'ஆமா' என்று துப்பப் பழகினால்தான் இந்தப் பக்கம் வீடு கிடைக்கும், வேலை கிடைக்கும். மொழிக்காக உயிரைக் கொடுத்த மண்ணில் அதே மொழியைக் கொஞ்சம் நன்றாகப் பேசினால் க்யூ பிரிவு விசாரிக்கும்.

அவன் அம்மாவின் ஊர் யாழ்ப்பாணத்து மயிலிட்டி. 1990 ஜூனில் வலிகாமம் வடக்கே மொத்தமாகக் காலியானபோது ஓடிவந்தவர். அவன் பிறந்தது 1991ல், தமிழ்நாட்டில், ஒரு முகாமில். இலங்கையை அவன் பார்த்ததே இல்லை. ஆனாலும் இலங்கை அகதி. சட்டம் தெளிவாக இருக்கிறது: இந்திய மண்ணில் 1987 ஜூலை 1க்கு முன் பிறந்தவன் எவனும் குடிமகன். மண்டபம் முகாமில் 1986ல் பிறந்த ஒரு பெண் நீதிமன்றம் வரை போய், அதை நிரூபித்து, பாஸ்போர்ட் வாங்கி, 2024 மக்களவைத் தேர்தலில் ஓட்டும் போட்டார். என் தம்பிக்கு அந்த வாய்ப்பில்லை. அவன் அம்மா நாலு வருஷம் முந்தியே அகதியாகி, அவனைப் பெற்றிருக்க வேண்டும். 1983 ஜூலையில் கொழும்பில் வீடுகளைக் கொளுத்தினார்களே, அப்போதே சுறுசுறுப்பாகப் படகேறி வந்து, சீக்கிரமே பெற்றிருந்தால் பிள்ளைக்கு வோட்டர் கார்டு கிடைத்திருக்கும். மயிலிட்டியில் மீன் காயவைத்துக்கொண்டு ஏழு வருஷம் அசட்டையாக இருந்துவிட்டார்.

அப்புறம் 2019. குடியுரிமைத் திருத்தச் சட்டம். மதத்தின் பெயரால் துன்புறுத்தப்பட்டு வந்த இந்துக்களுக்குக் குடியுரிமை, கிறிஸ்தவர்களுக்குக் குடியுரிமை. முகாம்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் இந்துக்கள், மீதிப் பேரில் நிறையப் பேர் கிறிஸ்தவர்கள். கோயில் கட்டிக் கூழ் ஊற்றுகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறார்கள். ஆனால் பட்டியலில் மூன்று நாடுகள்தான்: பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான். அடிபட்டவன் இந்துவாக இருந்தால் போதாது. அடித்தவன் யார் என்பதும் முக்கியம். ஈழத்தமிழர்கள் அடிவாங்கும்போது ஆள் பார்த்து வாங்கவில்லை. பாவம், தப்பான ராணுவத்திடம் மாட்டிக்கொண்டார்கள்.

அந்த மசோதா மாநிலங்களவையில் 125க்கு 105 என்று நிறைவேறியது. அந்த 125ல் அ.தி.மு.க.வின் பதினோரு பேர் இருந்தார்கள், பா.ம.க.வின் அன்புமணி ராமதாஸும் இருந்தார். கூட்டல் கழித்தல் தெரிந்தவர்கள் போட்டுப் பார்க்கலாம். இலங்கைத் தமிழர்களையும் சேர்க்க வேண்டும் என்று கோரிக்கை வைத்துவிட்டு, சேர்க்காத மசோதாவுக்குக் கை தூக்கினார்கள். தொப்புள்கொடி உறவு என்பது இதுதான். தொப்புள்கொடியை அறுக்கத்தானே செய்வார்கள்?

அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மேற்குத் தாம்பரம் பேருந்து நிலையத்துச் சுவரில் எத்தனை கட்சிகள், எத்தனை மே மாதங்கள், எத்தனை மெழுகுவர்த்திகள்! 2009 ஜனவரியில் போர் என்றால் அப்பாவிகள் சாவது இயல்பு என்ற பொருளில் பேசிய ஜெயலலிதா, ஏப்ரலில் தேர்தல் வந்ததும் தனி ஈழம் அமைத்துத் தருவேன் என்றார். அதே ஏப்ரல் 27 காலையில் மெரினாவில் கருணாநிதி உண்ணாவிரதம் உட்கார்ந்தார். காலைச் சிற்றுண்டிக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் இடைப்பட்ட அந்த நேரத்தில் போர் நின்றுவிட்டதாக அறிவிக்கப்பட்டது. அடுத்த மூன்று வாரம் முள்ளிவாய்க்காலில் என்ன நடந்தது? கடைசிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011ல் எழுதியது. அந்தக் கணக்கில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு செத்தவர்கள் எத்தனை பேர் என்று யாரும் தனியாகப் பிரிக்கவில்லை.

(விடுதலைப் புலிகளைப் பற்றி ஒரு வரி சொல்லாவிட்டால் நேர்மையில்லை. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்த முஸ்லிம்களைச் சில மணிநேர, சில நாள் கெடுவில் விரட்டியவர்கள் அவர்கள். அதே நிலம், அதே தமிழ் பேசிய மக்கள். அவர்களும் அகதிகளானார்கள். அந்தப் படம் எந்த போஸ்டரிலும் வருவதில்லை.)

எங்கள் ஊர்க்காரன் என்ற முறையில் ஒரு தாம்பரத்துப் பெருமையையும் பதிவு செய்ய வேண்டும். முள்ளிவாய்க்கால் முடிந்து மூன்று வருஷம்தான் ஓடியிருந்தது. 2012 ஜூலையில் இலங்கை விமானப்படையைச் சேர்ந்த ஒன்பது பேர் எங்கள் தாம்பரம் விமானப்படைத் தளத்தில் பயிற்சியில் இருந்தார்கள். ஆமாம், அந்த விமானப்படைதான். சேலையூரில் காம்பவுண்டுச் சுவருக்கு இந்தப் பக்கம், முகாமிலிருந்து வந்த ஒருவன் எங்களில் யாரோ ஒருவர் வீட்டுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்திருப்பான். சுவருக்கு அந்தப் பக்கம் அவன் ஊரில் குண்டு போட்ட படையின் ஆட்கள் விருந்தாளிகள். இரண்டு பேருக்கும் தாம்பரத்தில் தங்க இடம் கிடைத்தது. ஒருத்தருக்கு மட்டும் செக்கிங் கிடையாது.

முதல்வர் ஜெயலலிதா கொதித்தெழுந்தார். திருப்பி அனுப்பச் சொன்னார். டெல்லி தமிழர் உணர்வுக்கு மதிப்பளித்தது. ஒன்பது பேரையும் பெங்களூர் அருகே எலகங்கா தளத்துக்கு மாற்றியது. தமிழர் மனம் புண்படுவது தாம்பரத்தில்தான். எலகங்காவில் கற்றுக்கொண்டால் குண்டு வேறு இடத்தில் விழும் போலிருக்கிறது.

படையெடுப்பு என்ற சொல்லை யாரும் தனக்குத் தானே வைத்துக்கொள்வதில்லை. ஸ்டாலின் பாதுகாக்கப் போனார். நாம் இலங்கைக்கு அமைதி காக்கப் போனோம். 1987 ஜூலை 29 ஒப்பந்தம், அதன் கையோடு அமைதிப்படை. அக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நம் சிப்பாய்கள் சுட்டதில் டாக்டர்கள், நர்ஸ்கள், நோயாளிகள் என்று அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். நம் பக்கத்திலும் ஆயிரத்துக்கும் அதிகமான சிப்பாய்கள் அந்தத் தீவில் உயிர்விட்டார்கள். எதற்கு என்று அவர்களிடம் யாரும் சொல்லி அனுப்பவில்லை. 1990 மார்ச்சில் கடைசிக் கப்பல் சென்னைத் துறைமுகம் வந்தபோது முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அதையெல்லாம் மறந்துவிட்டோம். வலிவடேயை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறோம். ஞாபகம் என்பதும் ஒரு வெளியுறவுக் கொள்கைதான்.

1983லிருந்து 2012 வரை மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கடல் கடந்து தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் நடந்த ராஜீவ் காந்தி கொலைக்கு முகாமில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவர்களும் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. உயர்கல்வியில் அவர்களுக்கிருந்த ஒதுக்கீடு போனது, 1996ல்தான் திரும்பியது. 1992லிருந்து 95க்குள் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் 'விருப்பப்பட்டு' கப்பலேறினார்கள். யார் விருப்பம் என்பது பாரத்தில் கேட்கப்படவில்லை. ஜாமீன் கிடைத்தவனை ஜெயில் வாசலிலேயே பிடித்து வைக்க 'சிறப்பு முகாம்' என்று ஒன்று கண்டுபிடித்தோம். வண்டலூர் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டிலேயே போனால் செங்கல்பட்டில் ஒன்று ஓடியது. வழக்கு முடிந்தாலும் முடியாத சிறை. சிறப்பு என்ற சொல்லை மிட்டாய்க் கடைக்காரர்கூட இவ்வளவு தாராளமாகப் பயன்படுத்துவதில்லை.

இன்று நூற்றுச் சொச்சம் முகாம்களில் ஏறக்குறைய 58,000 பேர். போலீஸ் ஸ்டேஷனில் பதிந்துவிட்டு வெளியே வாடகைக்கு இருப்பவர்கள் முப்பதாயிரத்துக்கும் மேல். 2021 ஆகஸ்டில் மு.க. ஸ்டாலின் அரசு 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது. குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500, மற்ற பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500. பத்துக்குப் பத்து அறைகளை இடித்துப் புது வீடுகளும் கட்டினார்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன், நிஜமாகவே கட்டினார்கள். கூடவே பெயரையும் மாற்றினார்கள். இனி அகதி முகாம் இல்லை, 'மறுவாழ்வு முகாம்'. முதல் வாழ்வு எப்போது முடிந்தது என்பதற்கு மரணச் சான்றிதழ் வழங்கப்படவில்லை. போர்டை எழுதிய பெயிண்டரும் முகாம்காரனாகத்தான் இருந்திருப்பான், கூலி குறைவு.

டெல்லியின் பார்வையில் இவர்கள் சட்டவிரோதக் குடியேறிகள். 2025 செப்டம்பரில் ஒரு சலுகை வந்தது: 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்திருந்தால், பாஸ்போர்ட் விசா இல்லாத குற்றத்துக்குத் தண்டனை இல்லை. குடியுரிமையும் இல்லை. நாற்பது வருஷம் காத்திருந்தவனுக்கு, 'போனால் போகிறது, உன்னை ஜெயிலில் போடவில்லை' என்று முதுகில் தட்டிக்கொடுத்தார்கள்.

உச்ச நீதிமன்றம் அதற்கு முன்பே, 2025 மே மாதம், விஷயத்தை இன்னும் சுருக்கமாகச் சொல்லியிருந்தது. ஏழாண்டு தண்டனையை அனுபவித்து முடித்த ஓர் ஈழத்தமிழர், ஊருக்குப் போனால் உயிருக்கு ஆபத்து, மனைவி மக்கள் இங்கேதான் இருக்கிறார்கள் என்று மனுப் போட்டார். உலகத்து அகதிகளுக்கெல்லாம் இடம் கொடுக்க இந்தியா தர்மசத்திரம் அல்ல என்றார் நீதிபதி தீபாங்கர் தத்தா. வேறு ஏதாவது நாட்டுக்குப் போகச் சொன்னார்.

நீதிபதி சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. சத்திரங்களைப் பற்றி எங்களுக்கு நன்றாகத் தெரியும். தஞ்சாவூரிலிருந்து ராமேஸ்வரம் வரை வழியெல்லாம் கட்டிவைத்த ஊர் இது. சத்திரத்துக்கு வந்தவனை ஜாதி கேட்டுத்தான் உள்ளே விடுவார்கள் என்ற அசிங்கமும் உண்டு; ஆனால் விட்ட பிறகு மாதம் இருமுறை வரிசையில் நிறுத்தி எண்ணமாட்டார்கள். சத்திரத்தில் பிறந்த குழந்தையை 'சட்டவிரோதமாகப் பிறந்தாய்' என்று எழுதிவைக்கமாட்டார்கள். இந்தியா தர்மசத்திரம் இல்லவே இல்லை.

சரி, திரும்பிப் போகலாமே என்று கேட்பார்கள். கேட்பவர்கள் பொழிச்சலூரிலோ அனகாபுத்தூரிலோ மொட்டைமாடியில் நின்று பார்க்கலாம். மீனம்பாக்கத்தில் இறங்குகிற விமானத்தின் வயிறு தெரியும். அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு நேரடி விமானம் உண்டு. 2019ல் தொடங்கி, கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் மறுபடி வந்தது. ஏறி உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரைக் குடிப்பதற்குள் பலாலி. இரண்டாம் உலகப் போரில் வெள்ளைக்காரன் போட்ட ஓடுதளம். அதைச் சுற்றித்தான் 1990ல் மக்களை விரட்டிவிட்டு உயர் பாதுகாப்பு வலயம் போட்டார்கள். போர் முடிந்து நான்கு வருஷம் கழித்து, 2013ல், 6,381 ஏக்கரை அரசு சுவீகரிக்கப்போவதாக அறிவித்தல் வந்தது. உரிமையாளர்கள் காலடி வைக்க முடியாத வலயத்துக்குள், மரங்களில் ஒட்டினார்கள். ஆட்சேபணை இருந்தால் பனைமரத்திடம் சொல்லலாம்.

பிறகு நிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார்கள். மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில் வந்தது. துறைமுகம் வந்த பிறகும் எத்தனையோ பேரின் வீடும் தோட்டமும் கம்பி வேலிக்குள்தான். காங்கேசன்துறைக் கடற்கரையில் ராணுவமே 'தல்செவன' என்று உல்லாச விடுதி நடத்துகிறது. நிலத்தின் சொந்தக்காரனும் காசு கட்டினால் அறை எடுக்கலாம். கடல் தெரியும் அறை கிடைத்தால் அப்பா வலை காயப்போட்ட இடமும் தெரியலாம். ஆக்கிரமிப்பு என்றால் பீரங்கி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதில் காலைச் சாப்பாடும் சேர்த்தி.

இவ்வளவையும் மீறி ஒருவர் போனார். 2025 மே மாதக் கடைசி. எழுபது வயது கடந்த பெரியவர். போரில் ஓடிவந்து, தமிழ்நாட்டில் பல ஆண்டுகள் இருந்து, ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் ஏற்பாட்டில், எல்லாத் தாளும் சரியாக வைத்துக்கொண்டு பலாலியில் இறங்கினார். இறங்கியவரைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். குற்றம்: அந்தக் காலத்தில் நாட்டை விட்டுப் போனபோது முறையான வழியில் போகவில்லை. குண்டு விழுந்துகொண்டிருந்தபோது பாஸ்போர்ட் எடுத்து, குடிவரவு கவுன்ட்டரில் வரிசையில் நின்று, முத்திரை வாங்கிக்கொண்டு படகேறியிருக்க வேண்டும். கூச்சல் கிளம்பிய பிறகு விட்டார்கள். சட்டத்தைப் பார்க்கிறோம் என்றார்கள். இங்கே வந்தது சட்டவிரோதம். அங்கிருந்து போனது சட்டவிரோதம். நடுவில் பாக் நீரிணையில் படகு இருந்த அந்த இரவு மட்டும்தான் அவர் வாழ்க்கையில் எந்தச் சட்டத்துக்கும் அகப்படாத நேரம்.

செக்கிங் முடிந்து மூன்றாம் நாள் தம்பி வந்தான். இரண்டாவது கோட்டையும் முடித்தான். ஜன்னல் கம்பிக்குக் கறுப்பு எனாமல், கதவுக்கு வார்னிஷ். நல்ல வேலைக்காரன், ஒரு சொட்டு தரையில் இல்லை. கணக்கு முடித்துப் பணம் கொடுத்தபோது சுவரைத் தடவிக்கொண்டே நின்றான்.

"இந்த வீட்டுக்கு எவ்வளவு சார் வாடகை?"

சொன்னேன்.

"அக்காவுக்குத்தான் கேட்டேன். மாமா மேடவாக்கத்தில வேலை செய்யிறார். வெளிப்பதிவு. ஸ்டேஷன்ல எல்லாம் எழுதிக் கொடுத்திருக்காங்க, பிரச்சினை வராது. அட்வான்ஸும் தந்திடுவாங்க, சார். நல்ல மாதிரி ஆக்கள்."

'ஆக்கள்' என்று சொன்னதை அவனும் கவனித்தான். திருத்திக்கொள்ளவில்லை.

"வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன் தம்பி," என்றேன்.

"ஓம் சார்," என்றான்.

கேட்டேன். போலீஸ் ஸ்டேஷனுக்கெல்லாம் யார் அலைவது என்றாள் மனைவி. நியாயம்தான் என்றேன். அந்த வாரமே பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை பார்க்கிற ஒரு ஜோடி வந்து, புதுச் சுவரைப் பார்த்துவிட்டு, பெயிண்ட் ரொம்ப நன்றாக இருக்கிறது என்று சொல்லி அட்வான்ஸ் கொடுத்தார்கள். 'டு லெட்' பலகையைக் கழற்றி பரணில் போட்டேன். தம்பியின் நம்பர் இன்னும் என் போனில் இருக்கிறது, 'பெயிண்டர் கும்மிடிப்பூண்டி' என்று. கீழ்ப் போர்ஷனுக்கும் அடிக்க வேண்டியிருக்கிறது. கூப்பிடத்தான் கூச்சமாக இருக்கிறது.